எழுதி வாங்கிய தாளும் நடுவரின் ஆணையும்

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு சிறுமியின் கல்யாணம் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தால், அதன் கடைசி வரியை வாசிக்காமலே சொல்லிவிடலாம்: பதினெட்டு வயது முடியும்வரை திருமணம் செய்துவைக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அதிகாரிகள் திரும்பினார்கள். யாரோ ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசியிருப்பார். சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர், மகளிர் காவல் நிலையப் போலீஸ், கிராம நிர்வாக அலுவலர் என்று நாலைந்து பேர் வந்து நின்றிருப்பார்கள். பந்தலைப் பிரிப்பார்கள். கையெழுத்திட்ட தாள் கோப்புக்குள் போகும்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஏறக்குறைய எந்தப் பலமும் இல்லை. எழுதிக் கொடுத்ததை மீறியதற்கென்று தனித் தண்டனை கிடையாது. மீறி நடந்த கல்யாணத்தின் சட்ட நிலையும் அந்தத் தாளால் மாறாது. பலமுள்ள தாள் ஒன்று வேறாக இருக்கிறது: குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன் 13-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் தடை ஆணை. வயது வராதவர்களை மனத்தில் வைத்தே நம் சட்டத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு ஆணை அதுதான். ஏலமலைச் சரிவுகளில் அது அதிகம் கேட்கப்படுவதில்லை என்பதும், கேட்டு வாங்கினாலும் சில இடங்களில் அது சிறுமியைக் கைவிட்டுவிடும் என்பதும் இரண்டு தனித்தனிக் குறைகள். முதல் குறை நடைமுறையில் இருக்கிறது, இரண்டாவது சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் ‘சட்டத்தால் ஒன்றும் ஆகாது’ என்ற சலிப்பு வந்துவிடுகிறது.

முதலில் அந்த ஆணையின் பலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சிறுமிக்குக் கல்யாணம் ஏற்பாடாகிறது என்று நேரில் அறிந்தவரோ, அப்படி நம்பக் காரணம் உள்ளவரோ யார் வேண்டுமானாலும் நடுவரிடம் முறையிடலாம். தலைமை ஆசிரியர் போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் போகலாம், தொண்டு நிறுவனம் போகலாம். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகவும் இருக்கிறார்; அவரும் மனுப் போடலாம். நம்பத்தகுந்த தகவல் கிடைத்தால் யாரும் கேட்காமல் நடுவர் தாமாகவே எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு எதிராக ஆணை போடப்படுகிறதோ அவருக்கு அறிவிப்பு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் முகூர்த்தம் நெருங்கிவிட்டால் அறிவிப்பில்லாமலே இடைக்கால ஆணை போட வழி உண்டு. தெரிந்தே மீறுகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்குச் சிறை மட்டும் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது 14-ஆம் பிரிவு. இடைக்கால ஆணையோ இறுதி ஆணையோ, அதை மீறி நடத்தப்படும் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இந்த ஒரு வரியின் எடை தெரிய வேண்டுமானால், ஆணை இல்லாமல் நடக்கும் கல்யாணத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சிவகுமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது: சிறுமியின் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது, நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அது நீடிக்கும். ரத்து கேட்க அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வயது வந்த பிறகு 2 ஆண்டுக்குள் போயாக வேண்டும். அதற்கு முன்பே போவதென்றால் பாதுகாவலரோ உற்ற நண்பரோ தடுப்பு அலுவலரோடு சேர்ந்து மனுப் போட வேண்டும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிற பதினேழு வயதுப் பெண், கைக்குழந்தையோடு லட்சுமிபுரத்தில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு அலைந்து தன் கல்யாணத்தை ரத்து செய்வாள் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நடுவரின் ஆணை முன்கூட்டியே இருந்தால், வழக்குத் தொடுத்துக் கல்யாணத்தை உடைக்கும் சுமை அவள் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

இந்தப் பலம் ஒரே நாளில் வந்ததல்ல. 1929-இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பழைய குழந்தைத் திருமணத் தடைச் சட்டமான சாரதா சட்டத்தில் முதலில் தடை ஆணையே கிடையாது. 1938-இல்தான் திருத்தம் செய்து சேர்த்தார்கள். அப்போதும் ஆணையை மீறியவருக்கு 3 மாதச் சிறையோ 1,000 ரூபாய் அபராதமோ உண்டு, கல்யாணம் மட்டும் செல்லுபடியாகும். அபராதத்தைக் கட்டிவிட்டுப் பெண்ணை அனுப்பிவைத்துவிடலாம். அந்த ஓட்டையை அடைக்க 2007 நவம்பர் 1 வரை, அதாவது புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த ஆயுதத்தை உறையிலேயே வைத்துக்கொண்டு வெறும் உறுதிமொழிக் கடிதத்தோடு நாம் திரும்பி வருகிறோம்.

போடியில் இது மற்ற ஊர்களைவிட ஏன் அதிகம் வலிக்கிறது என்பதற்கு அந்த மலைதான் காரணம். ஊரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகின்றன. பொழுது சாயக் கீழே வருகின்றன. காய் எடுப்பு, களையெடுப்பு என்று வேலைக்குப் போவதில் பெண்களே அதிகம். ஒரே குடும்பத்தில் அக்கா கீழே போடியிலும் தங்கை மேலே தோட்டத்து லயத்திலும் இருப்பது சாதாரணம். மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது, கல்யாண உறவுகளில் இல்லை. கீழே நின்றுபோன கல்யாணம் மேலே ஒரு சின்னக் கோயிலில் நடக்க ஒரு ஜீப் பயணம் போதும். தேனி மாவட்ட அலுவலர் எழுதி வாங்கிய தாளைப் பற்றி மேலே இருக்கும் காவல் நிலையத்துக்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து அவர்கள் என்ன செய்ய முடியும்? நடுவரின் ஆணை அப்படியல்ல. அது மண்டபத்தைத் தடுப்பதில்லை, ஆட்களைக் கட்டுகிறது. போடியில் பிறந்த ஆணையை மீறிப் பூப்பாறையில் தாலி கட்டினாலும் அந்தக் கல்யாணம் செல்லாது.

ஆனால் இங்கேயே ஒரு நுட்பம் இருக்கிறது. தனக்கு எதிராக ஆணை இருப்பது தெரிந்தும் மீறுகிறவர்தான் 13-ஆம் பிரிவின்படி தண்டிக்கப்படுவார். மனுவில் அப்பா, அம்மா பெயரை மட்டும் எழுதிவிட்டு மாப்பிள்ளையையும் அவருடைய பெற்றோரையும், மேலே இடம் கொடுக்கும் சித்தப்பாவையும் விட்டுவிட்டால் ஆணையின் பாதிப் பலம் போய்விடும். கல்யாணத்தை நடத்தியவர்கள், துணைபோனவர்கள் ஆகியோருக்கு வேறு பிரிவுகளில் தண்டனை உண்டுதான். இருந்தும் ஆணையின் நகல் மாப்பிள்ளை வீட்டுக் கையில் நேராகக் கொடுக்கப்படுவதில் உள்ள அச்சம் தனி. மனு எழுதும் அலுவலர் அந்த வீட்டு உறவுமுறையைக் கேட்டறிந்து எழுத வேண்டும். எல்லைக்கு இருபுறமும் உள்ள காவல் நிலையங்களுக்கும் இடுக்கியின் தடுப்பு அலுவலருக்கும் அன்றைக்கே நகல் போக வேண்டும்.

மகளுக்குச் சிறுவயதிலேயே கல்யாணம் முடிக்கப் பார்க்கும் தோட்டத் தொழிலாளித் தாய்மார்களை வில்லிகளாகப் பார்க்கும் எழுத்து எனக்கு உடன்பாடில்லை. இருட்டோடு ஜீப் ஏறி இருட்டிய பின் இறங்குகிறவளுக்கு, வயதுக்கு வந்த பெண்ணைப் பகல் முழுக்கத் தனியே வீட்டில் விட்டுவைப்பது தினசரிப் பயம். தெருவில் ஒரு பையனோடு பேசினாள் என்ற சொல் காதில் விழுந்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். முறைமாமன் வீட்டில் கேட்கிறார்கள், சீர் அதிகம் வேண்டாம் என்கிறார்கள், பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று முடிவெடுக்கிறாள். அவள் தேடுவதும் பாதுகாப்புத்தான். நடுவரின் ஆணை அந்தக் கல்யாணத்தை நிறுத்துகிறது. அடுத்த நாள் காலை ஜீப் வரும்போது பெண்ணை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை.

ஆணையின் முதல் பெரிய குறை இதுதான். 13-ஆம் பிரிவு ‘இந்தத் திருமணம் கூடாது’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்தது. பள்ளிக்கு அனுப்ப வேண்டும், விடுதியில் இடம் தர வேண்டும், மாதம் ஒருமுறை அலுவலர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் சொல்லும் அதிகாரம் அதன் சொற்களில் இல்லை. இங்கிலாந்தில் 2008 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயத் திருமணப் பாதுகாப்பு ஆணையோடு ஒப்பிட்டால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். அங்கே சிறுமி தானே நீதிமன்றத்தைக் கேட்கலாம். உள்ளாட்சி அமைப்பும் அவளுக்காகக் கேட்கலாம். தடையோடு சேர்த்து, தேவையென்று படும் எந்த நிபந்தனையையும் நீதிமன்றம் விதிக்கலாம். கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், நாட்டுக்கு வெளியே செய்வதையும் தடுக்கலாம். 2014-இல் அதை மீறுவது குற்றமாகவும் ஆக்கப்பட்டது. நம் ஆணை கல்யாணத்தைச் செல்லாததாக்குவதில் கடுமையானது. சிறுமியின் வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பதில் வெறுங்கை.

இந்த இடத்தை நிரப்ப இளைஞர் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். பதினெட்டு வயதுக்குமுன் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று அச்சட்டம் வகைப்படுத்துகிறது. குழந்தைகள் நலக் குழு அவளுக்காக ஆணை போடலாம். ஆனால் குழுவின் முன் நிறுத்தினாலே காப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. தப்புச் செய்யாத பெண் வீட்டைவிட்டுப் போக, தப்புச் செய்யப் பார்த்தவர்கள் வீட்டில் இருப்பது எந்த ஊர் நியாயம்? நடுவர் தடை ஆணை போடும் அதே வாரத்தில் குழு அவளுடைய படிப்பு, இருப்பிடம், கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஓர் ஆணை போட வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. காப்பகம் கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்த குறை அவளுடைய குரல். ஆணை யாருக்கு எதிரானதோ அவர்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் வலியுறுத்துகிறது. சிறுமியைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. இது சின்ன விடுபடல் அல்ல. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறவளும் இருக்கிறாள், தானே விரும்பி ஒருவனோடு புறப்பட்டுப் போகிறவளும் இருக்கிறாள். இருவருக்கும் வயது பதினாறுதான். இருவருக்கும் கல்யாணம் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருவருக்கும் வேண்டிய பாதுகாப்பு ஒன்றல்ல. சாதி தாண்டிப் போகும் பெண் என்றால் வீட்டாரே சட்டத்தைத் தேடி ஓடுகிறார்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கும் விரைந்து வருகிறது. முறைமாமன் என்றால் எழுதி வாங்குவதோடு எல்லாரும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். இது என் கணிப்பு. தவறென்று யாராவது கணக்குக் காட்டினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். நடுவர் சிறுமியைத் தனியறையில், பெற்றோர் இல்லாமல், ஒருமுறை கேட்டாலே இந்த வேறுபாடு வெளியே வந்துவிடும்.

கல்யாணம் நடந்தே முடிந்துவிட்டால்? அப்போது பேச வேண்டியது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது பெரியவர்களுக்கான சட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. பாதிக்கப்பட்டவர் என்றால் எந்தப் பெண்ணும்தான். வயது வரம்பு வைக்கப்படவில்லை. பாதுகாப்பு ஆணையைப் பற்றிய 18-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் எதிர்மனுதாரர் அவளுடைய பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவிடலாம் என்கிறது. ஆக, சிறுமியே மனுதாரராக வரலாம் என்பதைச் சட்டம் எழுதும்போதே நினைத்திருக்கிறார்கள். அவளுக்காகப் பாதுகாப்பு அலுவலரோ வேறு எவருமோ மனுப் போடலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரிடமே போடலாம், ஆணை இந்தியா முழுவதும் செல்லும் என்பது 27-ஆம் பிரிவு. தோட்டத்து லயத்தில் அடி வாங்கிய பெண் மலையிறங்கிப் போடியில் பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டால், போடியிலேயே ஆணை கேட்கலாம். அந்த ஆணை சாந்தன்பாறையிலும் செல்லும். எல்லையோரத்து ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு எழுத முடியாது.

குறைகளும் இங்கே உண்டு. அடி வாங்கும் மகன் தன் பெயரில் மனுப் போட முடியாது. அம்மா மனுப் போட்டால் அவளோடு ஒட்டிக்கொண்டு பாதுகாப்புப் பெறலாம். அம்மாவே அடிக்கு உடந்தை என்றால் அவனுக்கு இச்சட்டத்தில் வாசல் அடைபட்டிருக்கிறது. முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்று எழுதப்பட்டிருப்பது நீதிமன்றம் ஏறிய எவருக்கும் கசப்பான வாசிப்பு. எட்டு ஒன்றியங்களும் அவற்றின் மலைக்குடிகளும் உள்ள தேனி போன்ற மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் என்பது எந்த வகையிலும் போதாது. எதிர்த் தரப்பில் சிறுவன் இருந்தால் என்ன என்பதற்கும் 2016-இல் பதில் வந்தது. ஹிரால் ஹர்சோரா வழக்கில் உச்சநீதிமன்றம் எதிர்மனுதாரர் வரையறையிலிருந்து ‘வயதுவந்த ஆண்’ என்ற சொற்களை நீக்கியது. பதினேழு வயதுக் கணவன் மீதும் பாதுகாப்பு ஆணை போடலாம். அவனும் குழந்தைதானே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அடிக்காதே, பக்கத்தில் வராதே என்று சொல்லும் ஆணை அவனைச் சிறைக்கு அனுப்புவதல்ல. இந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில்தான் மோசமான பள்ளம் இருக்கிறது. தடை ஆணையை மீறி நடந்த கல்யாணம் செல்லாது என்றேன். அப்படி நடந்து, அவள் சேர்ந்து வாழ்ந்து, குழந்தையும் பிறந்துவிட்டால்? 2006 சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஜீவனாம்சம் தருவது, 3-ஆம் பிரிவில் ரத்து செய்யப்பட்ட கல்யாணத்துக்கு. பிறந்த குழந்தையைச் சட்டப்படியானதாகக் கருதும் 6-ஆம் பிரிவும் ரத்தைப் பற்றியே பேசுகிறது. 14-ஆம் பிரிவில் செல்லாமல் போன கல்யாணம் அந்தச் சொற்களுக்குள் வரவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் போகலாம் என்றால், கல்யாணம் செல்லாததால் அவளுடையது திருமணத்தை ஒத்த உறவு என்று காட்ட வேண்டும்; அதற்கு 2010-இல் வேலுச்சாமி வழக்கில் உச்சநீதிமன்றம் வைத்த அளவுகோல்களில் ஒன்று, இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும் என்பது. வயது எட்டாததால் கொடுமைக்குள் தள்ளப்பட்டவளிடம், வயது எட்டாததால் உனக்குப் பாதுகாப்பில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட இடமிருக்கிறது. நடுவர் இரக்கத்தோடு சட்டத்தை விரித்துப் படித்தால் தப்பிக்கலாம். குழந்தைக்கான ஜீவனாம்சத்தை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் பெறலாம். ஆனால் சிறுமியின் உரிமை நடுவரின் மனநிலையில் தொங்கக் கூடாது. 4, 6 ஆகிய பிரிவுகளில், கடத்திச் செய்த திருமணங்களைப் பற்றிய 12-ஆம் பிரிவின்படியும் 14-ஆம் பிரிவின்படியும் செல்லாத திருமணங்களையும் சேர்த்துத் திருத்தினால் போதும். பெண்ணின் திருமண வயதை 21 ஆக்க 2021-இல் மசோதா கொண்டுவந்தார்கள்; அது 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அதற்குச் செலவழித்த சூட்டில் பாதியை இந்தத் திருத்தத்துக்குச் செலவழித்திருக்கலாம்.

கைதுதான் தீர்வு என்பவர்கள் 2023 பிப்ரவரியில் அசாமில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்கள் கைதானார்கள்; சிறுமி மனைவிகள் காவல் நிலைய வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போக்சோ வழக்கு வரும் என்று கர்ப்பிணிச் சிறுமி பிரசவத்துக்குக்கூட ஒளிந்துகொள்ளும் நிலை, அவளுடைய உயிருக்கே ஆபத்து. நடந்த பின் தண்டிப்பதைவிட நடக்கும்முன் நடுவரிடம் போவது எவ்வளவோ மேல். 2024 அக்டோபர் 18-இல் உச்சநீதிமன்றமும் தடுப்புக்கே முதலிடம் என்றது; வேறு வேலை சுமக்காத தடுப்பு அலுவலர் மாவட்டந்தோறும் வேண்டும் என்றும், நடுவர்கள் 13-ஆம் பிரிவில் தாமாகவே ஆணை போட முன்வர வேண்டும் என்றும் சொன்னது.

தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18-க்குமுன் மணமானவர்கள் 12.8 விழுக்காடு என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. முந்தைய ஆய்வில் 16.3. இந்த இறக்கத்தில் ஆணைகளின் பங்கைவிடப் பள்ளிக்கூடத்தின் பங்கே பெரிதாக இருக்கும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்று கேட்டது. 2022-இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிறவளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறவளுக்கு அந்தப் பணம் எட்டாது. குரங்கணி, கொட்டகுடி, சிறைக்காடு போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் விடுதி வசதி உறுதியாக இருப்பதும், தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார் திரும்பும்வரை பிள்ளைகள் பள்ளியிலேயே பத்திரமாக இருக்க வழி செய்வதும் எந்த நடுவரின் ஆணைக்கும் துணை நிற்கும்.

போடி வட்டாரத்து ஆசிரியர்களுக்கும், கிராம செவிலியர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1098-க்குப் பேசுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். வந்த அலுவலர் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினால், 13-ஆம் பிரிவில் மனு எப்போது போடுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் போடாவிட்டால் நீங்களே போடலாம், சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வக்கீலுக்குப் பணம் வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும். மனுவில் இரு வீட்டார் பெயரும் இருக்கட்டும், ஆணையின் நகல் மலைக்கு மேலேயும் போகட்டும். ஒரு நகலை அந்தப் பெண்ணின் கையிலும் கொடுங்கள்.